ஆமை ஓட்டுக் கோழி

அத்தியாயம் 11

துணிக்கு அடியில் இருந்தது ஒரு கோழி.

ஒரு மரக்கோழியைப் பார்த்துவிட்டு ஒரு பெண் ராத்திரி முழுக்கத் தூங்காமல் புரண்டுகொண்டிருப்பாளா? ராஜினி புரண்டாள். விடிந்தும் விடியாததுமாக எழுந்து பல் தேய்க்கும்போதும் அந்தக் கோழிதான் கண்ணாடியில் தெரிந்தது.

சுகுமாறனும் ராஜினியும் சேர்ந்து மரத்தில் விலங்குகள் செய்கிறவர்கள். சும்மா நிற்கிற விலங்குகள் இல்லை. கைப்பிடியைச் சுற்றினால் எருமை அசைபோடும். அதன் முதுகில் நிற்கிற கொக்கு அதன் காதைக் கொத்தும். எருமை திரும்பிப் பார்த்தால் கொக்கு வானத்தைப் பார்க்கும். பார்க்கிறவர்கள் எல்லாரும் சிரிப்பார்கள். சிரித்தவர்களில் பாதிப் பேர் வாங்குவார்கள்.

வெளியே தெரிவதெல்லாம் சுகுமாறன். உடம்பு, மூக்கு, அசட்டு முழி எல்லாம் அவன் உளி. உள்ளே சுற்றுவதெல்லாம் ராஜினி. கைப்பிடியோடு சேர்ந்து சுற்றும் மரத்துண்டுகளை அவர்கள் ‘சில்லு’ என்பார்கள். அது ராஜினி வீட்டு யாழ்ப்பாணத் தமிழ். சில்லில் மேடு வந்தால் விலங்கின் தலை நிமிரும், பள்ளம் வந்தால் குனியும். மேடு சரிவாக இருந்தால் அது சோம்பேறி எருமை. செங்குத்தாக இருந்தால் பயந்தாங்கொள்ளி எருமை. குணம் முழுக்கச் சில்லில்தான்.

அவனுக்குச் சில்லு வெட்ட வராது. அவளுக்கு முகம் செதுக்க வராது. அவர்கள் கல்யாணம் இந்த இரண்டு ‘வராது’களின் மேல் சௌகரியமாக உட்கார்ந்திருந்தது.

அந்த நேரத்தில்தான் மாதவி வந்தார். பினாங்கில் ஒரு பழைய கிடங்கைக் கலைக்கூடமாக மாற்றி நடத்துகிறவர். ஒரு வருடம் அங்கேயே தங்கலாம், பட்டறை உண்டு, மரம் உண்டு, கருவிகள் உண்டு, வருடக் கடைசியில் கண்காட்சி உண்டு என்றார். ஒரே ஒரு சங்கடம்.

“ஒரு ஆளுக்குத்தான் இடம் இருக்கு. நீங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணுங்க. சனிக்கிழமை கிள்ளான் வரேன், அப்ப சொல்லுங்க.”

பேசினார்களா? பேசவில்லை. “நீ போறியா?” என்று கேட்டால் போ என்று தள்ளுவதுபோல ஆகிவிடும் என்று அவள் கேட்கவில்லை. “போகாதே” என்று சொன்னால் காலைப் பிடித்து இழுப்பதுபோல ஆகிவிடும் என்று அவன் சொல்லவில்லை. வாரம் ஓடிப்போனது. நேற்று சாயங்காலம், கிள்ளானில் மாமியார் வீட்டுக் கார் போர்ச்சில் இருக்கும் அவர்கள் பட்டறையில், தனக்குத் தெரியாத ஒன்று மூடி வைக்கப்பட்டிருப்பதைப் பார்த்து ராஜினி துணியைத் தூக்கினாள்.

கோழி. அதன் உடம்பு, சுகுமாறன் போன மாதம் ஆமைக்காகச் செதுக்கிய ஓடு. அந்த வளைவு வேறு யாருக்கும் வராது. குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தாள். அவளுடைய சில்லு. எருமையின் தலையைத் தூக்கிவாரிப் போடுகிறது என்று நீலப் பென்சிலால் ‘நோ’ எழுதி அவளே கழித்துப் போட்டது.

கழிந்த துண்டுகளை அந்த வீட்டில் யாரும் குப்பையில் போடுவதில்லை. சுகுமாறனின் அம்மா புஷ்பவல்லி எல்லாவற்றையும் ஒரு சாக்கில் போட்டு வைப்பார். பொங்கலன்று வாசலில் பானை ஏற்ற அதுதான் விறகு. ஆக, சுகுமாறன் அந்தச் சாக்கில் கையை விட்டிருக்கிறான். அவள் கழித்த சில்லை எடுத்திருக்கிறான். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ஒரு முழுக் கோழியைத் தானே முடித்திருக்கிறான்.

தனியாக. பினாங்குக்கு.

கைப்பிடியைச் சுற்றிப் பார்த்தாள். சிரிப்பு வந்தது. அதுதான் தாங்கவில்லை.

*

பிரிக்ஃபீல்ட்ஸில் சனிக்கிழமை காலை அவர்களுக்கு ஒரு சின்ன மேஜை உண்டு. பூக்கடைக்குப் பக்கத்தில், கடைகளுக்கு முன்னால் போகும் நடைபாதையில். ராஜினி எருமை, பூனை, உடும்பு எல்லாவற்றையும் வரிசையாக வைத்தாள். பூ கட்டுகிற அக்கா ரேடியோவைக் கூட்டி வைத்தார்.

ஓர் அங்கிள் எருமையின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

“ஏம்மா, இந்த எருமை அப்படியே என் மச்சான் லா. அவனும் இப்படித்தான், யாரு காதைக் கொத்தினாலும் மென்னுக்கிட்டே இருப்பான்.”

“வாங்கிட்டுப் போயி அவருக்கே குடுங்க அங்கிள்.”

“குடுத்தா அவனுக்குப் புரியாது. அதான் கவலை.” அவர் இன்னொரு சுற்று சுற்றினார். “உள்ள யாரு செஞ்சது?”

“நான்.”

“வெளிய?”

“என் ஹஸ்பண்ட்.”

“அப்ப ஒருத்தர் இல்லாட்டி இன்னொருத்தர் சும்மா மரக்கட்டைதான், இல்ல?” அங்கிள் தானே சொல்லித் தானே சிரித்தார்.

ராஜினிக்குச் சிரிப்பு வரவில்லை. போனை எடுத்துக் கிள்ளானுக்கு அழைத்தாள்.

“ஹலோ. சாப்ட்டீங்களா?”

அங்கே சுகுமாறன் போனைக் காதிலிருந்து எடுத்து, அழைப்பது யார் என்று பெயரைப் பார்த்தான். ராஜினி அவனை ‘ங்க’ போட்டுப் பேசியது கல்யாண மேடையில் ஐயர் சொல்லச் சொல்லி ஒரே ஒரு தடவை.

“சாப்ட்டேன். நீ... நீங்க?”

“ஆச்சு. மாதவி எப்ப வராங்க?”

“சாயங்காலம்னு சொன்னாங்க.”

“மத்தியானமே வந்துடுறேன். உங்களுக்கு ஓகேதானே?”

“எனக்கு என்ன, ஓகேதான். உனக்கு ஓகேன்னா எனக்கு ஓகே.”

“எனக்கும் ஓகேதான்.”

“ஓகே.”

“ஓகே.”

போனை வைத்தபின் இரண்டு பேருக்கும் எதுவுமே ஓகேயாக இல்லை.

*

சுகுமாறனின் கதையையும் கேட்க வேண்டும். அவனும் அந்தக் கோழியைப் பார்த்தான். ராஜினிக்கு முன்பே, நேற்றுக் காலையிலேயே.

அவன் கண்ணில் முதலில் பட்டது ஓடுதான். ஓரத்தில் வெடித்துவிட்டது என்று அவனே கழித்த ஓடு. வெடிப்பை யாரோ பசை வைத்து அடைத்து, மேலே தடிமனாகப் பெயின்ட் அடித்திருந்தார்கள். அப்புறம் உள்ளே பார்த்தான். சில்லு. நீலப் பென்சில். வேறு யார்? ராஜினி சாக்கில் கையை விட்டு அவன் கழித்த ஓட்டை எடுத்து, தன் சில்லை உள்ளே வைத்து, அவனிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் முடித்துவிட்டாள்.

போதாததற்கு அவன் சின்ன உளியைக் காணவில்லை. வளைந்த முனை உள்ளது, கண் இமைகளுக்கு மட்டும் எடுப்பது. அதை ராஜினி பிரிக்ஃபீல்ட்ஸுக்கே எடுத்துப் போயிருக்க வேண்டும். அங்கே தனியாகப் பழகுகிறாள்.

போர்ச் முழுக்க இழைத்த மரத்தூளில் உட்கார்ந்து தேடிக்கொண்டிருந்தான். புஷ்பவல்லி கையில் துடைப்பத்தோடு வந்து நின்றார். கையுறைத் தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிறவர். ஓய்வு அவருக்குச் சரிப்படவில்லை. ஒரு இடத்தில் உட்கார்ந்தால் கை எதையாவது மடித்துக்கொண்டே இருக்கும்.

“என்னடா தேடுற?”

“சின்ன உளிம்மா. பாத்தியா?”

“உளிய நான் எதுக்குப் பாக்கப் போறேன்? எனக்கு வீட்ல வேற வேல இல்லையா? உளிய பாத்துக்கிட்டா உக்காந்திருக்கேன்?”

“இல்லன்னா இல்லன்னு சொல்லும்மா. எதுக்கு இவ்ளோ நீளமா சொல்ற?”

புஷ்பவல்லி துடைப்பத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். “அது சரி. அந்தக் கோழி எப்படி இருக்கு?”

“எந்தக் கோழி?”

“வீட்ல எத்தன கோழி இருக்கு? துணிக்கு உள்ள நிக்குதே, அதான்.”

“நல்லாருக்கு.”

“நல்லாருந்தா ஏன்டா மூஞ்சி கருமாதி வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கு?”

“ரொம்ப நல்லாருக்கும்மா. அதான் பிரச்சன.”

புஷ்பவல்லிக்கு ஒன்றும் விளங்கவில்லை. நன்றாக இருப்பது எப்போதிலிருந்து பிரச்சனை ஆனது?

“ராஜினி தனியா செஞ்சிட்டா,” என்றான் சுகுமாறன், மரத்தூளைப் பார்த்து. “இனிமே நான் வேண்டாம் அவளுக்கு.”

“அவதான் செஞ்சான்னு உனக்கு யாரு சொன்னா?”

“உள்ள சில்லு இருக்கே. அவ கைதான் அது.”

“அப்ப ஓடு?”

“ஓடு நான் கழிச்சது. அத எடுத்துக்கிட்டா.”

பெயின்டுக்கு அடியில் இருப்பது ஓடு என்று அம்மாவுக்கு எப்படித் தெரியும் என்று அவன் யோசித்திருக்கலாம். யோசிக்கிற நிலையில் அவன் இல்லை.

புஷ்பவல்லி வாயைத் திறந்தார். “இங்க பாரு, அந்தக் கோழி வந்து...”

“உளிய எடுத்தவங்கள மட்டும் சும்மா விட மாட்டேன்மா. யாரா இருந்தாலும் சரி. இத்தன வருஷத்துல ஒருத்தரையும் தொட விட்டதில்ல.”

புஷ்பவல்லிக்கு அடுப்பில் எதையோ வைத்த ஞாபகம் வந்துவிட்டது. உள்ளே போய்விட்டார். எதிர்வீட்டு வேன் ஒன்று வந்து நின்ற சத்தத்துக்கு, அடுக்களை ஜன்னலில் அவர் தலை ஒரு தடவை எழுந்து இறங்கியது.

சுகுமாறன் கோழியின் கைப்பிடியை ஒரு தடவை சுற்றினான். சிரிப்பு வந்தது. உடனே போனை எடுத்து மாதவிக்கு ஒரு குரல் செய்தி அனுப்பினான். இரண்டு தடவை தொண்டையைச் செருமிக்கொண்டு.

*

அதே நேரத்தில் கிள்ளான் போகும் கோமுட்டர் ரயிலில் ராஜினியும் மாதவிக்கு ஒரு குரல் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தாள். பெண்கள் பெட்டியில், சத்தம் வெளியே கேட்காதபடி வாயைக் கையால் மறைத்துக்கொண்டு.

மேஜையை மத்தியானத்துக்கு முன்பே எடுத்து வைத்துவிட்டாள். பூக்கடை அக்கா “என்னாச்சு, உடம்பு சரியில்லையா?” என்று கேட்டதற்கு, “உடம்புக்கு ஒண்ணும் இல்லக்கா,” என்றாள். எதற்கு இருக்கிறது என்று சொல்லவில்லை.

அவளுக்குக் கோபப்பட முழு உரிமையும் இல்லை. அது அவளுக்கே தெரியும். மாதவி ‘ஒரு ஆள்’ என்று சொன்ன மறுநாள், சுகுமாறன் மரம் வாங்க சுங்கை பூலோவுக்குப் போயிருந்தபோது, அவள் அவனுடைய ஓர் உளியை எடுத்து ஒரு ஆட்டுக் காதைச் செதுக்கிப் பார்த்தாள். போவதற்கு இல்லை. வருமா என்று பார்க்க. வரவில்லை. ஆட்டின் காது காய்ந்த வாழைப்பூ மடல் மாதிரி ஒன்றாக வந்தது. அவசரமாகச் சாக்கின் அடியில் திணித்துவிட்டு, உளியைத் துடைத்து இருந்த இடத்திலேயே வைத்துவிட்டாள்.

அவளால் முடியவில்லை. அவனால் முடிந்துவிட்டது. அவ்வளவுதானே?

ஷா ஆலம் தாண்டும்போது மழை தூறியது. ரயில் நின்று நின்று போனது. போகட்டும், அவன் பினாங்குக்கே போகட்டும் என்று நினைத்தாள். நினைத்தவுடன் இன்னொன்றும் தோன்றியது: ஒரு வருடம் யார் இருக்கிறார்கள், சில்லை வெட்டி முடித்ததும் “எங்க, காட்டு” என்று பிடுங்கிப் பார்க்க? கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த வயதான மலாய்க்கார மாக்சிக் ஒருவர் ஒன்றும் கேட்காமல் டிஷ்யூ பாக்கெட்டை நீட்டினார்.

*

ராஜினி கேட்டைத் திறந்து உள்ளே வந்தபோது கையில் மீ கோரெங் நூடுல்ஸ் பொட்டலம் இருந்தது.

“தாவ்கே போடாமத்தான் தாப்பாவ் பண்ணேன்,” என்றாள். சுகுமாறனுக்குப் பயறு முளை பிடிக்காது.

“தேங்க்ஸ்.”

அவன் தேங்க்ஸ் சொன்னான். பொட்டலத்துக்கு. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் இல்லாத தேங்க்ஸ். இரண்டு பேரும் சிறிது நேரம் மீ கோரெங்கைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“கங்கிராட்ஸ்,” என்றாள் ராஜினி.

“கங்கிராட்ஸ்,” என்றான் சுகுமாறன், அதே நொடியில்.

“எனக்கு எதுக்கு?”

“எனக்கு எதுக்கு?”

“தெரியாத மாதிரி கேக்காத சுகு. நான் ஒண்ணும் கோவப்படல. நல்லாத்தான் இருக்கு. உண்மையாவே நல்லாருக்கு.”

“நானும் கோவப்படலியே. நல்லாருக்குன்னுதான் நானும் சொல்றேன்.”

“உன்னோடத நீயே நல்லாருக்குன்னு சொல்லிக்கிறியா?”

“என்னோடதா?”

வாசலில் கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. மாதவி குடையை மடித்துக்கொண்டே உள்ளே வந்தார். சொன்ன நேரத்துக்கு முன்பே வந்திருந்தார். முகத்தில் குழப்பம்.

“சாரி, சீக்கிரம் வந்துட்டேன். இல்ல, தாங்க முடியல. ரெண்டு பேரும் மெசேஜ் அனுப்பிருக்கீங்க. ‘அவரையே எடுத்துக்குங்க, கோழி அவர் தனியா செஞ்சது’ன்னு ஒண்ணு. ‘அவளையே கூட்டிட்டுப் போங்க, கோழி அவ தனியா செஞ்சது’ன்னு ஒண்ணு. எத்தன கோழி இருக்கு இங்க?”

“ஒண்ணுதான்,” என்று இரண்டு பேரும் சொன்னார்கள்.

“அப்ப மொதல்ல கோழியக் காட்டுங்க.”

சுகுமாறன் துணியை எடுத்தான்.

மாதவி கைப்பிடியைப் பிடித்து மெதுவாகச் சுற்றினார். கோழி உலகத்தில் ஒரு அக்கறையும் இல்லாமல் உட்கார்ந்திருந்தது. அப்புறம் மெல்ல, மெல்ல எழுந்தது. இடப்பக்கம் பார்த்தது. வலப்பக்கம் பார்த்தது. யாரும் கவனிக்கவில்லை என்று நிச்சயமானதும் இன்னும் கொஞ்சம் எழும்பி, முன்னால் எக்கிப் பார்த்தது. பார்க்கக் கூடாத ஏதோ கண்ணில் பட்டுவிட்டது. சடக்கென்று உட்கார்ந்துகொண்டது. உட்கார்ந்தபின் மூஞ்சியில் எதுவும் நடக்காத பாவனை.

மாதவி சிரித்தார். மறுபடி சுற்றினார், மறுபடி சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது.

“ஐயோ, இது கோழி இல்ல லா. இது யாரோ ஒருத்தங்க. எனக்குத் தெரிஞ்ச யாரோ. சொல்லுங்க, யாரு செஞ்சது?”

சுகுமாறன் ராஜினியைக் காட்டினான். ராஜினி சுகுமாறனைக் காட்டினாள்.

“ஏய், ஓடு உன்னோடதுதானே?” என்றாள் ராஜினி. ‘ங்க’ எல்லாம் மழையோடு போய்விட்டது.

“ஓடு என்னோடதுதான். ஆனா நான் கழிச்சிட்டேன். நீதான் எடுத்து உள்ள சில்லு வெச்சிருக்க.”

“நான் வெச்சேனா? அந்தச் சில்ல நான் கழிச்சு எத்தன நாளாச்சு! ‘நோ’ன்னு எழுதிருக்கேன் பாரு. நீதான் சாக்குலருந்து எடுத்துருக்க!”

“நான் எதுக்குடி சில்லு எடுக்கப் போறேன்? எனக்கு அத எந்தப் பக்கம் மாட்றதுன்னே தெரியாது!”

“அப்ப என் மேல ஏன் பழி போடுற? எனக்குக் கோழி மூஞ்சி செதுக்க வருமா? சொல்லு, வருமா?”

“வராது!”

“அப்பறம்?”

“அப்பறம் என்ன அப்பறம்!”

ஒரு வாரமாகப் பூட்டி வைத்திருந்த சத்தம் எல்லாம் ஒரே நேரத்தில் வெளியே வந்தது. எதிர்வீட்டு நாய் குரைத்தது. அப்புறம் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் நிறுத்தினார்கள். அவன் செய்யவில்லை. அவள் செய்யவில்லை. கோழி நடுவில் உட்கார்ந்திருந்தது.

“அப்ப இத யாரு செஞ்சது?” என்றார் மாதவி, ரொம்ப மெதுவாக.

சத்தம் திடீரென்று நின்றுபோனது அடுக்களைக்கும் கேட்டிருக்க வேண்டும். போர்ச்சைப் பார்த்திருக்கும் ஜன்னலில் ஒரு தலை மெல்ல, மெல்ல எழுந்தது. கொண்டை முதலில், அப்புறம் நெற்றி, அப்புறம் கண். இடப்பக்கம் பார்த்தது. வலப்பக்கம் பார்த்தது. இன்னும் கொஞ்சம் எழும்பி, எக்கிப் பார்த்தது. மூன்று ஜோடிக் கண்கள் தன்னையே பார்ப்பதைப் பார்த்தது.

சடக்கென்று உட்கார்ந்துகொண்டது.

மாதவியின் கை இன்னும் கைப்பிடியில் இருந்தது. சுகுமாறன் கோழியைப் பார்த்தான், ஜன்னலைப் பார்த்தான், மறுபடி கோழியைப் பார்த்தான். அதன் பெயின்ட் வீட்டு கேட்டின் அதே அரக்கு நிறம். தினமும் திறந்து மூடுகிற கேட்.

“அம்மா!”

அடுக்களையில் ஒரு பாத்திரம் உருண்டது.

“மாமி, வெளிய வாங்க,” என்றாள் ராஜினி.

“நான் குளிச்சிக்கிட்டு இருக்கேன்!” என்றது அடுக்களை.

*

புஷ்பவல்லி வெளியே வந்தபோது கையில் அரிசி டின் இருந்தது. மூடியைத் திறந்து, கையை முழங்கை வரை விட்டு, அரிசிக்குள்ளிருந்து சின்ன உளியை எடுத்தார்.

“மொதல்ல இத புடி. கோழிக்குக் கண்ணு கீறும்போது முனை ஒடஞ்சிருச்சு. திட்டுறதுன்னா விருந்தாளி இருக்கும்போதே திட்டிடு, கொஞ்சம் கம்மியா திட்டுவ.”

சுகுமாறன் உளியை வாங்கிக்கொண்டான். ஒடிந்த முனையை விரலால் தடவினான்.

“ஏம்மா?”

“ஏன்னா என்னத்த சொல்ல? சாக்கு நெறஞ்சு போச்சு. பொங்கலுக்கு இன்னும் எவ்ளோ மாசம் கெடக்கு. ஒரு நாளு டிவி பாத்துக்கிட்டே ஒரு துண்டு மேல இன்னொரு துண்டு வெச்சேன். கோழி மாதிரி இருந்துச்சு. சரி, ஒட்டித்தான் பாப்போமேன்னு ஒட்டினேன். நல்லாருக்கான்னு கேட்டா இவன் அழுவுற மாதிரி நிக்கிறான். இவ பாத்துட்டு ஒரு வார்த்த சொல்லாம ரயிலேறிப் போயிட்டா. நான் என்னன்னு நெனைக்கிறது? அவ்ளோ மோசமா இருக்குன்னுதான் நெனச்சேன்.”

“சில்லு எப்படி மாமி மாட்டினீங்க?” ராஜினி அதற்குள் தரையில் மண்டியிட்டுக் கோழிக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அது திருப்பி மாட்டிட்டேன்னு நெனைக்கிறேன்மா. கழட்டலாம்னு பாத்தா க்ளூ காஞ்சிருச்சு.”

திருப்பித்தான் மாட்டியிருந்தார். ராஜினி வெட்டியபடி என்றால் அது சட்டென்று தூக்கி, மெதுவாக இறக்கும். எருமைக்கு அதுதான் கெட்டுப்போனது. திருப்பிப் போட்டதில் மெதுவாகத் தூக்கி, சட்டென்று இறக்கியது. நேற்று ‘நோ’ மட்டும்தான் அவள் கண்ணில் பட்டது. அது எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று பார்க்கத் தோன்றவில்லை.

“இதுக்குப் பின்னாடி இன்னொரு சில்லு இருக்கே. கழுத்தத் திருப்புறது. இது என்ன, எலி கடிச்ச மாதிரி இருக்கு? இது நான் வெட்டினது இல்ல.”

“அதுவும் சாக்குல கெடந்ததுதான்,” என்றார் புஷ்பவல்லி.

ராஜினி மெல்லத் தலையைத் திருப்பினாள். சுகுமாறன் அரிசி டின்னை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“சுகு.”

“சும்மா. வருமான்னு பாத்தேன்.”

“எப்ப?”

“அவங்க ஒரு ஆளுன்னு சொன்ன அன்னிக்கி. நீ குளிக்கப் போனப்ப.”

“வந்துச்சா?”

“அதான் பாக்குறியே. எலி கடிச்ச மாதிரின்னு நீயே சொல்லிட்ட.”

“கொண்டையும் அப்படித்தான்,” என்றார் புஷ்பவல்லி, உற்சாகமாக. திட்டு விழாது என்று அவருக்குத் தைரியம் வந்துவிட்டது. “அது எதுவோ ஆட்டுக் காது போல. சாக்குக்கு அடியில இருந்துச்சு. செவப்பு அடிச்சதும் கொண்டையாயிருச்சு.”

“ஆட்டுக் காதா? நான் ஆடு செஞ்சே ரொம்ப நாளாச்சே.”

இப்போது அரிசி டின்னைப் பார்ப்பது ராஜினியின் முறை.

சுகுமாறன் அந்தக் கொண்டையைத் தொட்டுப் பார்த்தான். உளி எங்கே வழுக்கியது, எங்கே பயந்து நின்றது, எங்கே கோபத்தில் இழுத்தது எல்லாம் விரலுக்குத் தெரிந்தது. “ரொம்பக் கேவலமா இருக்குடி,” என்றான். விரலை மட்டும் எடுக்கவில்லை.

“உன் சில்லு மட்டும்?”

“படுகேவலம்.”

ராஜினிதான் முதலில் சிரித்தாள். அப்புறம் அவன். சிரிப்பா அழுகையா என்று வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குத் தெரியாதபடி இரண்டு பேரும் மரத்தூளில் உட்கார்ந்திருந்தார்கள். புஷ்பவல்லி மாதவியைப் பார்த்து, “இதுங்க எப்பவும் இப்படி இல்லம்மா,” என்றார்.

மாதவி கோழியிடமிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“ஆன்டி, இத நீங்கதான் செஞ்சீங்க.”

“நான் எங்கம்மா செஞ்சேன்? ஓடு இவன். சில்லு அவ. கொண்டை அவ. எலி கடிச்சது இவன். நான் சும்மா ஒட்டினேன்.”

“அந்த ஒட்டினதுதான் ஆன்டி இது. ரெண்டு பேரும் கழிச்சதையெல்லாம் வெச்சு உங்களையே செஞ்சு வெச்சிருக்கீங்க.”

“என்னையா?” புஷ்பவல்லி கோழியை உற்றுப் பார்த்தார். “நான் எங்க இப்படி இருக்கேன்?”

மாதவி கைப்பிடியை இன்னொரு தடவை சுற்றினார்.

“எங்கிட்ட ஒரு எடம்தான் இருக்கு,” என்றார் மாதவி. “இவங்க ரெண்டு பேர்ல ஒருத்தரப் பிரிச்சுக் கூட்டிட்டுப் போனா எனக்குப் பாதி எருமைதான் கெடைக்கும். அது இப்ப நல்லாத் தெரிஞ்சிருச்சு. இந்தக் கோழியச் செஞ்சவங்க வருவாங்களான்னுதான் கேக்குறேன். ஒரு வருஷம். பினாங்கு.”

சுகுமாறன் எழுந்து நின்றான். ராஜினி எழுந்து நின்றாள். பிரிய வேண்டாம் என்ற நிம்மதி முதலில் வந்தது. அதற்குப் பின்னாலேயே, இத்தனை வருடம் கண் எரிய எரிய உழைத்தவர்கள் இருக்க, டிவி பார்த்துக்கொண்டே ஒட்டியவருக்கா என்ற ஏதோ ஒன்றும் வந்தது. இரண்டில் எதை முகத்தில் வைத்துக்கொள்வது என்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை.

“ஒரு வருஷமா?” புஷ்பவல்லி கையில் ஒட்டியிருந்த அரிசித் தூளைப் புடவை முந்தானையால் துடைத்தார். “அங்க ரூம்ல அடுப்பு இருக்குமா?”

“இருக்கும் ஆன்டி.”

“ஜன்னலு?”

“பெரிய ஜன்னல். தெருவப் பாத்து.”

புஷ்பவல்லி யோசித்தார். மகனைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார், சாக்கைப் பார்த்தார். “நான் வரேனா வரலியான்னு அப்பறம் சொல்றேன். மொதல்ல நீ ஒண்ணு பாரு. ஸ்டோர் ரூம்ல இன்னும் ஒண்ணு மூடி வெச்சிருக்கேன். கோழிக்கு முன்னாடியே செஞ்சது.”

“இன்னொண்ணா?” சுகுமாறன் இரண்டு அடி முன்னால் வைத்தான்.

“நீ இல்ல. அவங்க மட்டும்.”

“ஏம்மா?”

“நீங்க ரெண்டு பேரும் பாத்தா எனக்கு நைட்டு சோறு கெடைக்காது.”

புஷ்பவல்லி மாதவியின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார். ஸ்டோர் ரூம் கதவு சாத்தும் சத்தம். தாழ்ப்பாள் போடும் சத்தம். அப்புறம், எண்ணெய் போடாத கைப்பிடி ஒன்று கிரீச்சிட்டுச் சுற்ற ஆரம்பித்தது.

கோழிக்குச் சிரித்ததைவிடப் பெரிதாக மாதவி சிரித்தார். மூச்சு வாங்கச் சிரித்தார். நடுவில், “ஐயோ ஆன்டி, அப்படியே அவங்க ரெண்டு பேருந்தான்!” என்றார்.

போர்ச்சில் ராஜினி, வீட்டுக்குள் பார்க்கிற ஜன்னலுக்குக் கீழே, மெல்ல, மெல்லக் கால் நுனியில் எழும்பினாள். இடப்பக்கம் பார்த்தாள். பக்கத்தில் சுகுமாறனும் எழும்பி வலப்பக்கம் பார்த்தான். யாரும் இல்லை என்று நிச்சயமானதும் இரண்டு பேரும் ஒன்றாகக் கழுத்தை நீட்டினார்கள்.